படியும் காலணாவும்: நீண்ட போரில் ஊரும் சேரியும்



எங்கள் ஆயா தன் சுருக்குப்பையில் ஒரு ஓட்டைக் காலணாவைச் சாகும்வரை வைத்திருந்தார். நடுவில் வட்டமாகத் துளை போட்ட காசு. 1943 முதல் 1947 வரை அச்சானது. குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கோப்பதற்காகத்தான் ஓட்டை போட்டார்கள் என்று சிறுவயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயாவிடம் கேட்டபோது, "சண்டைக்காரன் நடுவுல இருந்தத நோண்டி எடுத்துக்கினு போயிட்டான்" என்றார். பிறகு படித்தபோது தெரிந்தது, அவர் சொன்னது ஏறக்குறைய சரி. போருக்கு உலோகம் வேண்டும். அதனால் காலணாவின் வயிற்றை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துச் சேரிகளுக்கு எப்படி வந்தது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இங்கே குண்டு விழவில்லை. எதிரிப் படை வரவில்லை. ஆனால் போர் வந்தது. எதன் வழியாக வந்தது, வந்தபோது யார் வீட்டில் எதை எடுத்தது என்பதுதான் கேள்வி.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அரை மணி நேரம்கூட நீடிக்காத அந்தத் தாக்குதல் தமிழுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தது. இன்றும் கெட்டிக்காரப் பேர்வழியை 'எம்டன்' என்கிறோம். ஆறு ஆண்டு நீடித்த அடுத்த போரில் நம் பாட்டிகள் பட்டினி கிடந்ததற்கு அப்படி ஒரு சொல் கிடைக்கவில்லை. வெடிச் சத்தத்தை வரலாறு சட்டென்று பிடித்துக்கொள்கிறது. கஞ்சி நீர்த்துப்போவது அதன் காதில் விழுவதில்லை.

போர்முனைக்கு மறுபக்கத்தை 'வீட்டுமுனை' என்று இங்கிலாந்தில் சொன்னார்கள். அங்கே 1940 ஜனவரியிலேயே உணவுப் பங்கீடு வந்துவிட்டது. அரச குடும்பத்துக்கும் பங்கீட்டுப் புத்தகம் உண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். நாடு முழுவதும் ஒரே வீடு, துன்பத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வோம் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் நினைப்பு. நம் கிராமம் ஒரே வீடா? ஊர் என்று ஒன்று, சேரி என்று ஒன்று, நடுவில் ஒரு வாய்க்கால் அல்லது ஒரு களத்துமேடு. வீடே இரண்டாக இருக்கும் இடத்தில் வீட்டுமுனையும் இரண்டாகத்தான் இருந்தாக வேண்டும்.

1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியரில் ஒருவரையும் கேட்காமல், வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை அடுத்த மாதமே விலகியது. அதன்பிறகு 1946 வரை மாகாணத்தை ஆண்டது கவர்னரும் அதிகாரிகளும்தான். நம் பகுதியில் முதல் அடி விழுந்தது மல்லாட்டையின் மீது. அன்றைய தென்னாற்காடு மாவட்டம் நிலக்கடலைக்குப் பேர்போனது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டி.எம்.வி. 2 என்ற கடலை ரகம் வெளிவந்ததும் 1940இல்தான். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தின் பெயர்தான். கடலையின் பெரிய சந்தை பிரான்ஸ். புதுச்சேரி வழியாகக் கப்பலேறி மார்செய் துறைமுகத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போகும். 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்ததும் அந்த வழி அடைபட்டது. வைத்திருந்து விற்க முடிந்தவர் வைத்திருந்தார். மல்லாட்டை பிடுங்கியும் ஆய்ந்தும் உரித்தும் கூலி வாங்கிய பெண்களிடம் வைத்திருக்க என்ன இருந்தது? பாரீஸ் என்ற பேரையே கேட்டிராத பெண்ணின் மடியில் விழவேண்டிய காசு, பாரீஸ் விழுந்ததால் விழாமல் போனது. போர் தூரத்தில் நடக்கிறது என்பதெல்லாம் வரைபடம் பார்ப்பவர்களின் பேச்சு.

அடுத்தது 1942. பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சென்னை காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மிருகக்காட்சிச் சாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். தெற்கே போகும் இரயில் பாதை விழுப்புரம் சந்திப்பு வழியாகத்தான் போகிறது. சொந்த ஊரும் அதில் ஒரு வீடும் இருந்தவர்கள் பெட்டி படுக்கையோடு புறப்பட்டார்கள். அந்த நகரத்தின் மலத்தை அள்ளியவர்களும் பிணத்தைப் புதைத்தவர்களும் எங்கே போயிருப்பார்கள் என்று எந்த நினைவுக் குறிப்பிலாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

பர்மா போனதால் இரண்டு பொருள்கள் நின்றன. ஒன்று அரிசி. போருக்கு முன்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசி இந்தியாவுக்கு வந்தது. விலை மலிவு, அதனால் ஏழைகளின் அரிசி. இன்னொன்று மண்ணெண்ணெய். பர்மாவின் எண்ணெய் வயல்களைப் பின்வாங்கும்போது ஆங்கிலேயரே அழித்துவிட்டுப் போனார்கள். சேரியில் சிம்னி விளக்கு அணைந்தது என்றால் இருட்டு மட்டும் இல்லை. பகலில் மாடு மேய்த்துவிட்டு இரவில் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளையின் பள்ளிக்கூடமும் அணைந்தது. மாடிவீட்டில் ஆமணக்கு எண்ணெயோ இலுப்பெண்ணெயோ ஊற்றி விளக்கேற்ற முடியும். சமைக்கவே எண்ணெய் இல்லாத வீட்டில் எதை ஊற்றுவது?

இதெல்லாம் தட்டுப்பாட்டின் கதை. தட்டுப்பாடு எல்லோருக்கும்தானே என்று கேட்கலாம். இனிச் சொல்லப்போவது அதற்குப் பதில்.

விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையில் இருவேல்பட்டு என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஆங்கிலேயர் 'எருவெள்ளிப்பேட்' என்று எழுதினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களை வைத்துச் சில கிராமங்களை ஆய்வு செய்தார். அதில் இதுவும் ஒன்று. 1936-37இல் தாமஸும் ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு செய்தார்கள். பிறகு 1961இல் ஹாஸ்வெல், 1981இல் குகனும் மென்ஷரும். ஒரே கிராமத்தை இத்தனை முறை அளந்த ஆய்வு இந்தியாவில் மிகக் குறைவு. ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். 1937க்குப் பிறகு 1961. நடுவில்தான் போர். அளவுகோல் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும், அளக்க வேண்டிய ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் வந்து போனார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. அந்த ஓட்டை இருக்கிறது என்று சொல்கிறேன்.

இந்தப் பகுதியில் ஒரு பண்ணையில் கட்டுண்டு உழைத்தவருக்குப் 'படியாள்' என்று பெயர். படியளந்து கூலி கொடுப்பதால் படியாள். அடிமைத்தனத்துக்கு ஒரு அளவுப் பாத்திரத்தின் பெயர். வாங்கிய கடனுக்காக அப்பனும் உழைப்பான், மகனும் உழைப்பான். அந்தக் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் போர்க்காலத்தில் ஒரு விசித்திரம் நடக்கிறது.

போர்ச் செலவுக்காக அரசு நோட்டு அடித்துத் தள்ளியது. இந்தியாவில் புழங்கிய பணம் ஆறே ஆண்டில் ஏறக்குறைய ஆறு மடங்கானது. மொத்த விலைகள் இரண்டு மடங்குக்கும் மேலே போயின. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒருவருக்கு நாள் கூலி இரண்டு படி கம்பு என்று வைத்துக்கொள்வோம். கம்பின் விலை இரண்டு மடங்கானாலும் அவர் கையில் இரண்டு படி இருக்கும். அதே கூலியைப் பழைய விலைக்குக் காசாக்கிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு அந்தக் காசுக்கு ஒரு படிதான் வரும். யாரும் கூலியைக் குறைக்கவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. அளக்கும் பாத்திரத்தை மட்டும் மாற்றினார்கள். தானியம் விலையேறும்போது தானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு காசைக் கொடுப்பது நிலவுடைமையாளருக்கு இலாபம். "சர்க்கார் நெல்லைக் கொள்முதல் பண்ணிக்கிட்டுப் போயிட்டான், அளக்க எங்க இருக்குது" என்று சொல்ல ஒரு காரணமும் அப்போது கிடைத்தது. ஆயா இதைத்தான் "மரக்கா போயி காலணா வந்துது" என்பார். அதைப் பழமொழி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது பொருளாதாரம்.

வங்காளத்தில் 1943இல் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் மாண்ட பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட நூலில் இதே இடத்தைத்தான் தொடுகிறார். செத்தவர்களில் கூலி விவசாயிகளும் மீனவர்களும்தான் அதிகம். விளைச்சலில் பங்காகத் தானியம் வாங்கிய குத்தகையாளர்கள் அவர்களைவிடத் தாக்குப்பிடித்தார்கள். சோறு நாட்டில் இருந்ததா என்பது மட்டுமே கேள்வியில்லை. அதன்மீது யாருக்கு உரிமை இருந்தது என்பதே கேள்வி என்றார். சேரியில் பிறந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள நோபல் பரிசு தேவைப்படவில்லை. ஆனால் எழுத்தில் நிறுவியவர் அவர். அந்த மரியாதையைக் கொடுத்தாக வேண்டும்.

நம் மாகாணத்திலேயே ஒரு சான்று இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த பி.வி. நாராயணசாமி நாயுடு, சென்னை அரசுக்காகக் கிராமக் கடன் குறித்து விசாரித்து 1946இல் அறிக்கை கொடுத்தார். 1939க்கும் 1945க்கும் இடையில் மாகாணத்தின் மொத்த விவசாயக் கடன் குறைந்திருந்தது. போர் கிராமத்தைச் செழிக்க வைத்தது என்று இதைக் காட்டிப் பேசியவர்கள் உண்டு. ஆனால் அறிக்கைக்குள்ளே போனால் பெரிய நிலக்காரர்களின் கடன்தான் நன்றாகக் குறைந்திருக்கிறது. நிலமற்ற கூலிகளின் கடன் ஏறியிருக்கிறது. விலையேற்றம் விற்க நெல் வைத்திருந்தவரின் கடனைத் தின்றது, வாங்கித் தின்றவரின் தலையில் புதுக் கடனை ஏற்றியது. ஒரே போர், ஒரே கிராமம், இரண்டு கணக்கு நோட்டு.

காசுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்தால் நான் பொய் சொன்னவனாவேன். படி ஒருவரைப் பண்ணையோடு கட்டும். காசை எடுத்துக்கொண்டு நடக்கலாம். போர்க்காலத்தில் உளுந்தூர்பேட்டையில் விமான ஓடுதளம் போட்டார்கள். இரயில்வேயிலும் சாலையிலும் வேலை இருந்தது. படை ஆள் எடுத்தது. மண் சுமந்த இடத்தில் சாதிக்கொரு கூலி கிடையாது என்று கண்டுகொண்டவர்கள், திரும்பிவந்து களத்துமேட்டில் கைகட்டி நிற்பதற்குக் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். காசு வயிற்றைச் சுருக்கியது, காலை அவிழ்த்தது. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் நடந்தது என்பதுதான் இதில் கடினம்.

பங்கீடு வந்தது 1943க்குப் பிறகு. வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்று கிரிகோரி குழு பரிந்துரைத்தது. ஏறத்தாழ 450 கிராம். காகிதத்தில் அது ஒரு புரட்சி. ரெட்டியார் வீட்டுத் தலைக்கும் சேரித் தலைக்கும் ஒரே அளவு. நம் முன்னோரில் பலருக்கு அரசாங்கம் கொடுத்த முதல் தாள் அந்த அட்டையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அட்டை சோறு போடாது. கடை ஊருக்குள்ளே இருக்கும். அளப்பவர் ஊர்க்காரர். சரக்கு வந்த நாள் சேரிக்குத் தெரியவேண்டும், தெரிந்த அன்று கையில் காசும் இருக்கவேண்டும். கிடைத்தது புழுத்த அரிசியோ, சமைக்கத் தெரியாத கோதுமையோ. மிச்சம் கள்ள மார்க்கெட்டுக்குப் போனது. பக்கத்திலேயே பிரெஞ்சு எல்லை இருந்ததால் கடத்தலுக்கும் குறைவில்லை.

துணியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1943 முதல் துணிக்கும் கட்டுப்பாடு. ஆயாவும் அவர் ஓரகத்தியும் வெளியே கட்டிக்கொள்ள ஒரே சேலையை வைத்திருந்தார்கள். ஒருத்தி நடவுக்குப் போனால் மற்றவள் வீட்டுக்குள். ஊரில் சாவு விழுந்தால் வெட்டியான் வேலை பார்த்தவருக்குக் கோடித் துணி கிடைப்பது வழக்கம். இழிவான அந்த வேலைக்கு அதுவே கூலி. துணி அரிதானதும் கோடி நின்றுபோனது. வெட்டியான் வேலை நிற்கவில்லை.

மணியார்டர்கள் நின்றதும் அந்த ஆண்டுகளில்தான். தென்னாற்காட்டிலிருந்து மலேயாவின் இரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களில் நம் மக்கள் ஏராளம். 1941 டிசம்பரில் ஜப்பான் மலேயாவில் இறங்கியதோடு கடிதமும் பணமும் நின்றன. சயாம்-பர்மா இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு மாண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் எண்ணிக்கை பல ஆயிரம். அவர்களின் மனைவிமார் நம் கிராமங்களில் 1945 வரை தாலியோடு காத்திருந்தார்கள். போரில் மாண்ட சிப்பாயின் மனைவிக்கு ஓலை வரும், பென்ஷன் வரும். தண்டவாளம் போட்டுச் செத்த கூலிக்கு எதுவும் வரவில்லை.

சிப்பாயின் கதை வேறு. முதல் உலகப் போருக்குப் பிறகு, 'வீரச் சாதி' அல்ல என்று சொல்லி, சென்னைக் காலாட்படைப் பிரிவுகளைக் கலைத்தவர்கள் ஆங்கிலேயர். 1941இல் மகர் படைப்பிரிவையும், 1942இல் சென்னைப் படைப்பிரிவையும், 1943இல் சமார் படைப்பிரிவையும் அவர்களே உருவாக்கினார்கள். போர் நீண்டதும் வீரம் எல்லாச் சாதியிலும் முளைத்துவிட்டது. 1946இல் சமார் படைப்பிரிவு கலைக்கப்பட்டது.

நீண்ட போரில் ஆள்பவர்களுக்கு எல்லோருடைய உடலும் தேவைப்படுகிறது. அப்போது பேரம் பேசலாம். இதை அம்பேத்கர் அளவுக்கு உணர்ந்தவர் இல்லை. 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினரானார். அதே மாதம் நாக்பூரில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு பிறந்தது. அதன் தலைவர் நம் என். சிவராஜ். 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. ஆனால் அதே 1943இல் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்ற தடையை அரசு தளர்த்தியது. மத்திய சட்டசபையில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, தொழிலாளர் உறுப்பினர் என்ற முறையில் பதில் சொன்னவரும் அம்பேத்கர்தான். 1946இல் தடை திரும்ப வந்தது. பாபாசாகேப் வாழ்க்கையிலும் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று சொல்வதில் நமக்குத் தயக்கம் தேவையில்லை. போர்க்கால அரசில் உட்கார்ந்து பேரம் பேசியவர் கொடுத்த விலை அது.

போர் 1945இல் முடிந்தது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. சேரியில் முடியவில்லை. 1946இல் பங்கீட்டு அளவு 12 அவுன்சாகக் குறைந்தது. 1947 இறுதியில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், விலை ஏறியது, மீண்டும் போட்டார்கள். அப்போது முதலமைச்சர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ஓ.பி. இராமசாமி ரெட்டியார். ஆலய நுழைவுச் சட்டம் வந்த 1947லும் நம்மவர்கள் அட்டையோடுதான் வரிசையில் நின்றிருந்தார்கள். தானியக் கட்டுப்பாடு சென்னை மாகாணத்தில் விலகியது 1952இல், இராஜாஜி திரும்ப வந்த பிறகு. 1939இல் பிறந்த பிள்ளைக்கு அப்போது பதின்மூன்று வயது.

இது பழங்கதை என்று நினைக்கும் மாணவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு முகாமுக்குப் போய்வாருங்கள். 1983 முதல் 2009 வரை நடந்த போரிலிருந்து தப்பிவந்த ஈழத்தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றித் திரிபோட்டுப் படித்ததைச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் 1990இல் இடம்பெயர்ந்தவர்களில் சொந்தக் காணி உள்ளவர்களும் வெளிநாட்டில் உறவு உள்ளவர்களும் மெல்ல முகாம்களைவிட்டு வெளியேறினார்கள். போர் முடிந்து ஆண்டுகள் பல ஆன பிறகும் முகாம்களில் எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், நிலமில்லாதவர்கள். அங்கேயும் வீட்டுமுனை ஒன்றாக இருக்கவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். 1943இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். மிகச் சிலரே இருப்பார்கள். அவர்களிடம் போய் "உலகப் போர் ஞாபகம் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள். கூலி எந்த வருசம் காசானது என்று கேளுங்கள். அதற்கு முன் எத்தனை படி, எந்த மரக்காலில் அளந்தார்கள், அது முழு மரக்காலா, வெட்டி வைத்த மரக்காலா என்று கேளுங்கள். விளக்குக்கு என்ன ஊற்றினீர்கள், சேலை எத்தனை இருந்தது, மலேயாவிலிருந்து யார் திரும்பவில்லை என்று கேளுங்கள். பழைய பெட்டியில் ரேஷன் அட்டை கிடந்தால் அதில் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எங்கள் வீட்டு அட்டையில் குடும்பத் தலைவர் பெயராகத் தாத்தாவை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்களோ, அந்தச் சுருக்கிய பெயரே இருந்தது. ஆயாவுக்குப் பெயர் இல்லை, 'பெண் 1' என்று இருந்தது. அந்த அட்டையை அவர் தூக்கிப்போட்டுவிட்டார். ஓட்டைக் காலணாவை வைத்துக்கொண்டார்.